வழி கேட்கிறவர்

பார்த்த முதல் நாளே அவரை எனக்குப் பிடிக்கவில்லை. திருத்துறைப்பூண்டியில் என் மருந்துக்கடை வாசலில் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "அண்ணே, மாட்டாஸ்பத்திரி எங்க இருக்குங்க?" என்று கேட்டார். மாட்டாஸ்பத்திரி என் கடைக்கு நேர் எதிரே இருக்கிறது. பலகையில் முழ நீளத்துக்கு எழுதியும் வைத்திருக்கிறார்கள். நான் பேசாமல் கையை நீட்டிக் காட்டினேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "அட, முன்னாடியே நிக்குது. சரிங்க, வாடகைக்கு ஒரு ரூம் எங்க கிடைக்கும்?" என்றார். இருமல் மருந்து வாங்க வந்து நின்ற ஒருவர், இவரை முன்னே பின்னே பார்த்தது கிடையாது, "வாங்க தம்பி, நான் காட்டுறேன்" என்று மருந்தைக்கூட வாங்காமல் அவரோடு கிளம்பிவிட்டார். கடை போட வந்த புதிதில் இதே ஊரில் வீடு கிடைக்க நான் நாலு மாதம் அலைந்தேன்.

கால்நடை ஆய்வாளராக மாற்றலாகி வந்திருந்தார். குடும்பம் தரங்கம்பாடியில். இவர் மட்டும் இங்கே அறை எடுத்துத் தங்கினார். பைக் இருந்தாலும் சைக்கிளில்தான் கிராமங்களுக்குப் போவார். வயல் வரப்பில் பைக்கைத் தள்ளிக்கொண்டு போக முடியாது என்பது அவர் சொன்ன காரணம். ஊரில் எல்லாருக்கும் அவர் 'மாட்டாஸ்பத்திரி சார்'. என்னைவிட ஆறு வயது சின்னவர்தான், ஆனாலும் நானும் சார் என்றுதான் கூப்பிட்டேன். அவருக்கு நான் அண்ணன்.

அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன்: அவருக்குக் கேட்க வெட்கமே கிடையாது. தெரியாததை யாரிடம் வேண்டுமானாலும் கேட்பார். தெரிந்ததையும் சில சமயம் கேட்பார். நான் அதற்கு நேர்மாறு. வெளியூரில் வழி தவறினால் மூன்று சுற்றுச் சுற்றுவேனே தவிர ஒருவரை நிறுத்திக் கேட்க மாட்டேன். கேட்டால் இவனுக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே. மருந்துக்கடைக்காரன் ஆயிற்றே, நாலு பேர் என்னிடம் கேட்டுத்தான் எனக்குப் பழக்கம்.

அதிராம்பட்டினத்திலிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவரும் பாய் ஒருவர் உண்டு. பன்னிரண்டு வருஷமாக அவரிடம் மீன் வாங்குகிறேன். பெட்டியின் மேலாக என்ன இருக்கிறதோ அதைத்தான் எனக்குப் போடுவார். இவர் வந்த இரண்டாவது வாரம் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "பாய், நல்ல கொடுவான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? எனக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்" என்றார். பாய் மொபெட்டுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டார். செவுளைத் திறந்து காட்டினார், கண்ணை அழுத்திக் காட்டினார், கடைசியில் ஐஸுக்கு அடியில் கையை விட்டு ஒரு மீனை எடுத்து, "இது வீட்டுக்குன்னு வச்சிருந்தேன் சார், நீங்க எடுத்துக்கங்க" என்றார். நான் பக்கத்தில் பையோடு நின்றுகொண்டிருந்தேன்.

வைத்தியமும் அப்படித்தான். மாடு படுத்துக் கிடக்கிறது என்று யாராவது கூப்பிட்டால், போனதும் ஊசியை எடுக்க மாட்டார். மாட்டுக்காரம்மாவிடம், "உங்க மாடு, உங்களுக்குத் தெரியாததா? என்ன செய்யுதுன்னு நீங்களே சொல்லுங்க" என்பார். அந்த அம்மா நேற்று என்ன தின்றது, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தது, எப்போது அசைபோடுவதை நிறுத்தியது என்று எல்லாவற்றையும் சொல்லும். அப்புறம் மருந்து கொடுப்பார், மாடு எழுந்துகொள்ளும். "சாருக்குக் கைராசி" என்று ஊரே பேசியது. நோயைச் சொன்னது மாட்டுக்காரி, மருந்து கம்பெனிக்காரன் தயாரித்தது, இதில் இவர் கைக்கு என்ன ராசி என்று எனக்கு விளங்கவில்லை. இத்தனை வருஷமாக மனுஷர்களுக்கு மருந்து கொடுக்கிறேன், என் கையைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வீட்டுக்கும் வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, பிரசங்கத்தில் சந்தேகம் என்று போதகரை வாசலில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவரை நான்தான் சாப்பிடக் கூப்பிட்டேன். சாப்பிட்டவர் பாதியில் நிறுத்தி, "அண்ணி, இந்த வத்தக்குழம்புல எண்ணெ மேல நிக்குது, கசக்கல. எப்ப இறக்குவீங்க?" என்று கேட்டார். என் மனைவி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கால் மணி நேரம் விளக்கம் சொன்னாள். இருபத்திரண்டு வருஷமாக அதே குழம்பைச் சாப்பிடுகிறேன், நன்றாகவும் இருக்கும். கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. அவர் போனபிறகு, "நல்ல மனுஷங்க" என்றாள். அன்று மத்தியானம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். சைக்கிள் விஷயம்தான் பொறுக்க முடியாததாக ஆயிற்று.

ஊரில் சைக்கிள் ஓட்டத்தை ஆரம்பித்தவன் நான். சர்க்கரை வந்தபிறகு தஞ்சாவூர் போய் இருபத்துநாலு கியர் வைத்த சைக்கிள் வாங்கினேன். இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். ஹெல்மெட் போட்டுக்கொண்டு விடிகாலையில் கிளம்பினால் தெருவே வேடிக்கை பார்க்கும். எங்கள் பகுதி தட்டையான பூமி. முள்ளியாற்றுப் பாலத்தின் மேல் ஏறி இறங்குவதுதான் நாங்கள் அறிந்த ஒரே ஏற்றம். ஆனாலும் எனக்கு மலைமேல் ஒரு கண். சைக்கிளிலேயே போய் ஒரு மலையில் ஏறி வரவேண்டும் என்று ஆறு வருஷமாகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். பீரோ கதவின் உள்பக்கம் வரைபடம் ஒட்டி வைத்திருந்தேன். மனைவியைத் தவிர யாருக்கும் அது தெரியாது. போய்வந்த பிறகு சொன்னால் போதும் என்று இருந்தேன்.

காலை ஓட்டத்தில் இவரும் சேர்ந்துகொண்டார். மாசியில் சம்பா அறுவடை கடைசிக் கட்டம். அறுவடை இயந்திரம் ஓட்ட ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். சாலையோரம் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பல் விளக்கிக்கொண்டிருந்த ஒரு டிரைவரிடம் இவர் சைக்கிளை நிறுத்தி, "உங்க ஊருப் பக்கம் என்னங்க விசேஷம்?" என்று கேட்டார். அவன், "மலைதாங்க. கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு. நீங்க இங்க சைக்கிள் ஓட்டுறதெல்லாம் ஒரு ஓட்டமா?" என்றான். இவர் என் பக்கம் திரும்பி, கண் விரிய, "அண்ணே, போவோமா?" என்றார்.

என் ஆறு வருஷம் அவருக்கு ஒரு கேள்வியில் கிடைத்துவிட்டது.

மே மாதம் கிளம்பினோம். கத்திரி வெயிலில் சைக்கிளில் மலை ஏற எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் கிளம்ப மாட்டார்கள். வயல் காய்ந்து கிடக்கிற அந்த இரண்டு மாதம்தான் எங்களுக்கு ஓய்வு. மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் நாற்றங்கால், நடவு, உரம், அதைத் தொட்டு மாடு, அதைத் தொட்டு மருந்து என்று ஊர் மொத்தமும் ஓட ஆரம்பித்துவிடும். அவர் வேளாண்மை அலுவலகத்தில் யாரிடமோ கேட்டு, கியர் வைத்த பழைய சைக்கிள் ஒன்றை இரவல் வாங்கிவிட்டார். ரப்பர் கட்டை சக்கரத்தின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கிற சாதாரண பிரேக். அதைப் பார்த்ததும் என் சைக்கிளை இன்னொரு தடவை துடைத்து வைத்தேன்.

முதல் நாள் மன்னார்குடி வழியாகத் தஞ்சாவூர். மறுநாள் திருச்சி, அதற்கு மறுநாள் துறையூர். பத்து மணிக்கு மேல் தார்ச்சாலையிலிருந்து அனல் முகத்தில் அடிக்கும். என் பாட்டில் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் கொதிக்கும், அதைத்தான் குடிப்பேன். அவர் எந்த வீட்டு வாசலிலும் நின்று, "அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குங்களா?" என்பார். தண்ணீர் கேட்டவருக்கு மோர் வரும். துறையூர் தாண்டி ஒரு தோப்பில் நுங்கு வெட்டிக் கொடுத்து, கட்டிலைப் போட்டுப் படுக்கவும் வைத்தார்கள். எனக்கும் எல்லாம் கிடைத்தது, மறைக்கவில்லை. அவரோடு வந்தவன் என்பதால் கிடைத்தது. அந்த நுங்கு எனக்கு ருசிக்கவே இல்லை.

சேந்தமங்கலத்தில் தங்கி, ஐந்தாம் நாள் விடிகாலையில் காரவள்ளி அடிவாரத்துக்குப் போய்விட்டோம். எழுபது வளைவும் அங்கிருந்துதான் ஆரம்பம். நான் உடனே ஏற ஆரம்பித்தேன். அவர் அடிவாரத்தில் இட்லி விற்ற அம்மாவிடமும், மேலிருந்து வந்து நின்ற பஸ் டிரைவரிடமும் பேசிக்கொண்டு நின்றார். நமக்கு நல்லதுதான் என்று மிதித்தேன். வளைவுக்கு வளைவு உள்பக்கமாகவே ஒட்டி ஏறினேன், தூரம் குறைவு என்று. வரப்பில் குறுக்கே நடந்து பழகிய புத்தி. உள்பக்கம் செங்குத்து என்பது தொடை நடுங்க ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது. முப்பத்தெட்டாவது வளைவில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மதில்மேல் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தபோது அவர் வளைவின் வெளிப்பக்கமாகச் சுற்றி நிதானமாக ஏறி வந்தார்.

"வெளிப்பக்கமா சுத்தி வாங்கண்ணே. மேடு தெரியாதுன்னு பஸ் டிரைவர் சொன்னாரு. நிக்கட்டுமா?"

"வேணாம், போங்க. வந்துடறேன்."

போய்விட்டார். மீதி வளைவுகளில் பாதியை நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. ஒரு பெட்டிக்கடை வாசலில் ஆறேழு பேருக்கு நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார். பலாப்பழம் அறுத்து வைத்திருந்தார்கள். கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "நீங்கதான் சார்கூட வந்தவரா?" என்று கேட்டார். ஆறு வருஷம் பீரோவுக்குள் வைத்திருந்த மலையின் உச்சியில் எனக்குக் கிடைத்த பட்டம் அதுதான்.

கொஞ்ச நேரம் இருந்துவிட்டு இறங்கக் கிளம்பினோம். அவர் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தவர், மறுபடி காலை ஊன்றி என்னைப் பார்த்தார்.

"அண்ணே, ஏறுறதைத்தான் எல்லார்கிட்டயும் கேட்டேன். இறங்குறதுக்கு ஏதாவது முறை இருக்கா? இது உங்ககிட்டதான் கேக்கணும்."

இருந்தது. எனக்குத் தெரியும். மலைச்சாலையில் இறங்குவது பற்றி ஒரு வீடியோவை வீட்டுக் கூடத்தில் சத்தமாக வைத்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பிரேக்கைத் தொடர்ந்து பிடிக்கக் கூடாது, விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். ரப்பர் கட்டை பிரேக்கில் பிடித்தபடியே இறங்கினால் விளிம்பு சூடேறி டியூப் வெடித்துவிடும். எங்கள் ஊர்க்காரனுக்கு இது தானாகத் தெரிய வழியில்லை. பாலத்து இறக்கம் நூறு அடியில் முடிந்துவிடும். பிரேக் என்பது குறுக்கே ஆடு வந்தால் இறுக்கிப் பிடிப்பது.

"இறக்கந்தானே சார். பிரேக் இருக்குல்ல" என்றேன்.

விழ வேண்டும் என்று நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை. கை வலிக்கட்டும், பயந்து பயந்து மெதுவாக வரட்டும், கீழேயாவது நான் முதலில் போய் நிற்கிறேன் என்று நினைத்தேன். அவ்வளவுதான், ஆனால் அவ்வளவையும் நினைத்தேன்.

பாதி மலை இறங்கியிருப்பேன். மேலே வெடி போட்டதுபோல் ஒரு சத்தம் கேட்டது. நின்றேன். டியூப் போய்விட்டது, இனி தள்ளிக்கொண்டுதான் வரவேண்டும் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அது எத்தனை நொடி இருந்தது என்று தெரியாது. மேலே பஸ் ஒன்று ஆரன் அடித்து நிற்பதும் ஆட்கள் கத்துவதும் கேட்டபிறகுதான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஏறி ஓடினேன்.

மதிலை ஒட்டிக் கிடந்தார். இடது தோள் எலும்பு சட்டைக்குள் துருத்திக்கொண்டு தெரிந்தது. வலியில் முகம் வெளுத்திருந்தது, அப்போதும் என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"ரிம் தொட முடியாம சுடுதுண்ணே. ஏன்?"

"வெயில் சார். ரோடே கொதிக்குது" என்றேன்.

கீழே ஓர் ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு, வேன் வைத்துத் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்தோம். தோளில் அறுவை செய்து தகடு வைத்தார்கள். மூன்றாம் நாள் என் மனைவி பார்க்க வந்தாள். அவருடைய மனைவியும் கட்டிலருகே இருந்தார். "இவர் பாட்டுக்கு இறங்கினாராண்ணே? உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். அவர் படுத்தபடியே குறுக்கே சொன்னார்: "கேட்டேம்மா. அண்ணனுக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லாம இருப்பாரா? அவருக்கே தெரியலேன்னா அது யாருக்கும் தெரியாத விஷயம்."

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் மன்னார்குடி வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு கேட்டாள்.

"ஏங்க, பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கணும்னு ஒருத்தன் வீடியோவுல கத்திக்கிட்டே இருப்பானே, அடுப்படி வரைக்கும் கேக்கும். அது எந்த மலைக்கு?"

நான் பஸ் டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். அவள் மறுபடி கேட்கவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவும் இல்லை, சாப்பாடு மட்டும் வேளைக்கு வந்தது. மூன்றாம் நாள் காலை கடையைத் திறக்காமல் தஞ்சாவூருக்கு பஸ் ஏறினேன். அவர் தனியாக இருந்தார்.

"சார், எனக்குத் தெரியும். பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கணும். நீங்க கேட்டப்பவே தெரியும்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

"அப்பறம் ஏண்ணே சொல்லல?"

"பொறாமை சார்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவர் பொறுமையாக, வழி கேட்கிற அதே குரலில், "எதுக்குண்ணே? எங்கிட்ட என்ன இருக்கு?" என்றார். கேட்டுவிட்டு, பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐஸுக்கு அடியில் இருந்த மீன், வத்தக்குழம்பு, பலாப்பழம் என்று என் மனசுக்குள் வரிசையாக வந்தது. ஐம்பது வயது ஆள் எதை எடுத்துச் சொல்வது?

"தெரியல சார்" என்றேன்.

"சரிண்ணே. வெயில் ஏறுறதுக்குள்ள கெளம்புங்க" என்றார்.

இடது கை அதற்குப் பிறகு தோளுக்கு மேல் எழும்பவில்லை. மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர்களுக்கு இடது கைதான் மாட்டுக்குள்ளே போய்க் கருப்பையைப் பிடிக்கிற கை. அது போனபிறகு அவரை ஆஸ்பத்திரியிலேயே பதிவேடு எழுத உட்கார்த்தி வைத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து, தானே கேட்டு வாங்கிக்கொண்டு ஊர்ப்பக்கம் மாற்றலில் போனார். அந்த இரண்டு வருஷமும் எதிர்க்கட்டடத்தில்தான் இருந்தார். பார்த்தால் சிரிப்பார். "என்னண்ணே" என்பார். விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் எனக்கு எப்படியும் வந்து சேர்ந்திருக்கும். கடைக்கும் வருவார். டாக்டர் சீட்டை மேசைமேல் வைப்பார், மாத்திரையை வாங்கிக்கொள்வார். சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்றுகூடக் கேட்க மாட்டார். ஊரில் எல்லாரையும் கேட்டார், என்னை மட்டும் கேட்கவில்லை.

மாற்றலாகிப் போவதற்கு முந்தின வாரம். கடைக்கு ஒட்டினாற்போல டீக்கடை. அங்கே நின்றுகொண்டு மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், இந்த வலி மாத்திரையைப் போட்டா வயிறு திகுதிகுன்னு எரியுதுங்க. என்ன பண்ணலாம்?"

அந்த மாத்திரையை அவருக்கு விற்றவன் நான். ஆறடி தூரத்தில் கடைக்குள் நிற்கிறேன். மாஸ்டர் டீயை ஆற்றியபடி, சீரகம் போட்டுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து என்று ஆரம்பித்தார். அவர் தலையைச் சாய்த்து அக்கறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வாழ்நாளில் ஒரு மாத்திரையின் பெயர்கூடப் படித்தறியாத அந்த மாஸ்டர்மேல் எனக்கு வந்த பொறாமை, கொல்லிமலை உச்சியில்கூட வந்ததில்லை. தாங்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

"சார், வெறும் வயித்துல போடாதீங்க. சாப்பிட்டு முடிச்ச உடனே போடுங்க. அப்பவும் எரிஞ்சா டாக்டர்கிட்ட சொல்லி மாத்தி எழுதி வாங்கணும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபம் எதுவும் இல்லை. பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"அப்படிங்களா மாஸ்டர்?"

மாஸ்டர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, "அவர் சொல்றது சரிதான் சார்" என்றார். அதைக் கேட்டபிறகுதான் அவர் தலையை ஆட்டினார்.